காலுக்கும் பூசுங்க, சாமி

அக்னி நட்சத்திர வெயிலில், சிதம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரி வார்டில், சூசை மாமா கழுத்துவரை போர்வை போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்.

தலைக்கு மேலே மின்விசிறி, சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் பனியனையும் கழற்றிப் போட்டுவிட்டு நுங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மாமாவுக்கு மட்டும் மார்கழி.

"வேர்க்குது மாமா. போர்வைய எடுத்துடட்டுமா?"

"குளுருது மச்சான்."

சொல்லி வாய் மூடுவதற்குள் அவருடைய காதோரத்திலிருந்து ஒரு சொட்டு வியர்வை இறங்கித் தலையணையில் விழுந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். 

போர்வைக்குக் கீழே அவருடைய இடது கால் இருந்தது. அதை அவர் யாருக்கும் காட்டுவதில்லை. காலையில் நர்ஸ் கட்டு மாற்ற வந்தால், மாமா முதல் வேலையாக என் அக்காவை வெளியே அனுப்புவார். பிறகு தானும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். பதினோரு நாளாக அந்தக் காலுக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

டாக்டரம்மா அன்று காலைதான் முடிவாகச் சொல்லியிருந்தார். வராந்தாவில் என்னையும் அக்காவையும் நிறுத்தி, தன் காலிலேயே புடவைக்கு மேல் விரலால் ஒரு கோடு போட்டுக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே ஒரு சாண்.

"இங்க எடுத்துட்டா ஆள் பிழைச்சுக்குவார். இல்லன்னா விஷம் மேல ஏறும். வியாழக்கிழமைக்குள்ள அவர் கையெழுத்துப் போடணும். அதுக்கு மேல நான் பொறுப்பில்ல."

அன்று திங்கட்கிழமை.

கிளட்ச் கால்

சூசை மாமா என் அக்கா பிலோமினாவின் கணவர். சிதம்பரத்திலிருந்து குமராட்சிக்குப் போகிற மினி பஸ்ஸின் டிரைவர். முப்பது வருஷமாகப் பல முதலாளிகளின் பல வண்டிகளை ஓட்டியவர். நான் கடலூரில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். அவர் ஒரு நாளில் கொண்டுபோய்ச் சேர்த்த அளவு ஆட்களை என் எழுத்து இந்த இருபது வருஷத்தில் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்த்ததில்லை. (சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் தட்டச்சுப் பயிற்சியைப் பற்றி எழுதியதற்கு ஒரே ஒரு வாசகர் கடிதம் போட்டிருந்தார். அதில் மூன்று எழுத்துப்பிழைகளைச் சுட்டியிருந்தார். மூன்றும் என்னுடையவை.)

மாமாவின் வண்டியில் என்ஜின், டிரைவருக்குப் பக்கத்திலேயே, ஒரு தகர மூடிக்குள் இருக்கும். வெயில் காலத்தில் அந்த மூடியில் தோசை வார்க்கலாம். மாமாவுக்குச் சர்க்கரை வியாதி. இடது பாதத்தில் உணர்ச்சி போய் ரொம்ப நாள் ஆகியிருந்தது. கிளட்ச்சை மிதிக்காத நேரத்தில் அந்தப் பாதம் போய்த் தகரத்தில் சாய்ந்துகொள்ளும். ஒரு நாள் சாய்ந்த இடத்தில் வெந்துபோயிருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை.

தெரிந்தபோதும் சொல்லவில்லை. முதலாளி வண்டியை விட்டு இறக்கிவிடுவாரோ என்று பயம். ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு மூன்று வாரம் ஓட்டினார். கடைசியில் வண்டியில் ஏறிய மீன்காரம்மாவே, "என்னா டிரைவரே, என் கூடைய விட உங்க பக்கம் ஜாஸ்தியா நாறுது" என்று சொன்ன பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"ஒத்தக் கால் டிரைவர எங்கனா பாத்திருக்கியா மச்சான்?" என்று என்னைக் கேட்டார்.

இல்லை என்றேன். என்னிடம் இருக்கும் கெட்ட பழக்கம், கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிடுவது.

"அப்ப வுடு. முழுசா வந்தேன், முழுசா போறேன்."

ஆசா எந்த வார்டு?

அந்த வார்டுக்குத் தினமும் மத்தியானம் ஓர் அம்மா வருவார். எஸ்தர் அம்மா. வெள்ளைப் புடவை, ஒரு பெரிய தூக்கு நிறைய அரிசிக் கஞ்சி, சின்னக் கிண்ணத்தில் தேங்காய்த் துவையல். யாரும் அனுப்பி வருகிறவர் இல்லை. கட்டில் கட்டிலாகக் கஞ்சி ஊற்றுவார். வேண்டாம் என்று சொல்லாதவர்களுக்கு ஒரு ஜெபம். கேட்கிறவர்களுக்கு வேதத்திலிருந்து ஒரு கதை. எங்கள் சபைக்காரர் இல்லை என்றாலும், அவர் துவையலுக்காகவே மாமா எந்தச் சபைக்கும் மாறத் தயாராக இருந்தார்.

மாமாவுக்கு அவர் சொன்ன கதை, ஆசா என்ற பழைய யூத ராஜாவுடையது. வயதான காலத்தில் ராஜாவுக்குக் காலில் கடுமையான வியாதி வந்தது. அவர் ஆண்டவரைத் தேடாமல் வைத்தியர்களைத் தேடினார். பிறகு இறந்துபோனார்.

மாமா எங்களைப் போலக் கத்தோலிக்கர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசிப்பதற்கு மேல் வேதம் அறியாதவர். அந்த வாசிப்பிலும் பாதி நேரம், ராத்திரி டிரிப் அடித்த அசதியில் கண்ணை மூடியிருப்பார். ஆனால் ஆசா ராஜாவை அவர் விடவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒரு சாக்கு. அது வேதத்திலிருந்தே வந்தால் வேண்டாம் என்பாரா?

டாக்டரம்மா வந்ததும் மாமா சொன்னார்: "ஆசாவுக்கும் கால்லதான் வந்துது. டாக்டருங்கள நம்புனாரு. செத்துட்டாரு."

டாக்டரம்மா கையில் இருந்த அட்டையைப் புரட்டினார். என்னைப் பார்த்தார்.

"யாரு இந்த ஆசா? எந்த வார்டு?"

"அவர் போய் ரெண்டாயிரம் மூவாயிரம் வருஷம் ஆகுது டாக்டர்" என்றேன்.

"அப்ப என் கேஸ் இல்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஆனால் போகும்போது திரும்பி, மூன்று விரலைக் காட்டினார். மூன்று நாள்.

 அக்கா பதினோரு நாளாக அந்தக் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுக்கிறவள். பிளாஸ்கை எடுத்துக்கொண்டு டீ வாங்கப் போனாள். டீக்கடை இடது பக்கம். அவள் வலது பக்கம் போனாள். சேலைத் தலைப்பு வாயில் இருந்தது.

நாலு கிலோ அகராதி

எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் புத்தகம். வீடு திரும்பியதும், திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பழைய பேப்பர் கடையில் எப்போதோ எடைக்கு வாங்கிய எபிரேய அகராதியைத் தேடினேன். தோசை மாவுப் பானையின் மூடிமேல் பாரமாக இருந்தது. என் வீட்டில் அதற்குக் கிடைத்த அதிகபட்ச மரியாதை அதுதான்.

எனக்கு எபிரேயம் தெரியும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். படிக்கத் தெரியாதவர்கள் பஸ்ஸை அதன் நிறத்தை வைத்துக் கண்டுபிடித்து ஏறுவார்கள் இல்லையா, அந்த அளவுக்குத் தெரியும். சில சமயம் விருத்தாசலம் போய் இறங்குவதும் உண்டு.

குணமாக்குவதற்கு அங்கே உள்ள சொல் ராஃபா. நம் ஊரில் ஆட்டோவின் முதுகிலும் மருந்துக் கடைப் பலகையிலும் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 'யெகோவா ராஃபா' என்று எழுதி, பக்கத்தில் ஒரு புறா பறக்கும். பாலைவனத்தில், கசப்பான தண்ணீருக்குப் பக்கத்தில் தாகத்தோடு நின்ற ஜனங்களிடம், உங்களைக் குணமாக்குகிறவர் நானே என்று ஆண்டவர் சொன்னபோது வந்த சொல்.

ஆசா கதையையும் தேடினேன். அவர் தேடிப் போன வைத்தியர்களுக்கு அங்கே என்ன சொல்? அதே ராஃபாவிலிருந்து பிறந்ததுதான். ஆண்டவருக்கும் டாக்டரம்மாவுக்கும் ஒரே தொழில், ஒரே பெயர்ப்பலகை. எழுந்து நின்றுவிட்டேன். சமையலறையில் தனியாக எழுந்து நிற்பது எங்கள் வீட்டில் சந்தேகத்துக்குரிய செயல் என்பதால் மறுபடி உட்கார்ந்தேன்.

அகராதி, பழைய பேப்பர் கடை மாதிரிதான். ஒன்றைத் தேடிப் போனால் ஒன்பது கையில் வரும். அந்தச் சொல் மனித உடம்போடு நிற்கவில்லை. ஒரு தீர்க்கதரிசி கெட்டுப்போன தண்ணீரில் உப்பைப் போட்டுத் தண்ணீரைக் 'குணமாக்குகிறார்'. (சுனாமிக்குப் பிறகு கடலூர்க் கிணறுகளில் தண்ணீர் குடித்தவர்களுக்கு இந்த வைத்தியத்தைச் சிபாரிசு செய்ய எனக்குத் தைரியமில்லை.) உடைந்த மண்பாண்டத்தைச் சரிசெய்ய முடியாது என்கிற இடத்தில் இதே சொல். இடிந்து கிடந்த ஒரு பலிபீடத்தை இன்னொரு தீர்க்கதரிசி எழுப்புகிற இடத்திலும் இதே சொல். நம் மொழிபெயர்ப்பில் செப்பனிட்டார் என்று இருக்கிறது. எபிரேயத்தில் அவர் பலிபீடத்தைக் குணமாக்குகிறார். மருந்தில்லை, மந்திரமில்லை. குனிந்து கல்லை எடுத்து அடுக்கினார். அவ்வளவுதான்.

அடியிலே பொடி எழுத்தில், இந்தச் சொல்லின் ஆதிப் பொருள் தைப்பதாக இருக்கலாம், கிழிந்ததைச் சேர்த்துப் பிடிப்பதாக இருக்கலாம் என்று அகராதிக்காரர் தயக்கத்தோடு சொல்லியிருந்தார்.

நான் கவனித்தது ஒன்று. பழையபடி ஆகிவிடும் என்று எந்த இடத்திலும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. சரிந்த கற்களில் எது எங்கே இருந்தது என்று யாருக்கு நினைவிருக்கும்? தைத்த துணியில் தையல் தெரியத்தான் செய்யும். மறுபடி நின்றால் சரி, மறுபடி உடுத்த முடிந்தால் சரி.

மறுநாள் அந்த நாலு கிலோவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ஒரு டவுன் பஸ், ஒரு சிதம்பரம் பஸ் என்று மாறி வந்து சேர்ந்தேன். வார்டு வாசலில் காவலாளி பையைத் தொட்டுப் பார்த்தார்.

"சாப்பாடா?"

"அகராதி."

"நோயாளிக்கா?" என்று கேட்டுவிட்டு, இரக்கத்தோடு உள்ளே விட்டார்.

மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர், பானை, பலிபீடம், தையல், ஆசா. கால் மணி நேரம் ஆகியிருக்கும். பக்கத்துக் கட்டில்காரர் தூங்கிவிட்டார். மாமா கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். டிரைவர் அல்லவா.

"எல்லாம் செரி. அந்த ராஜாவுக்குக் கால எடுத்தாங்களா, வுட்டாங்களா?"

"அது எழுதல மாமா."

"பாத்தியா. இதச் சொல்லவா ரெண்டு பஸ்ஸு மாறி வந்தே?"

அக்கா என் கையிலிருந்து அகராதியை வாங்கினாள். கட்டிலின் ஒரு கால் குட்டையாக இருந்து ஆடிக்கொண்டிருந்தது. அதற்கடியில் வைத்தாள். ஆட்டம் நின்றது.

போர்டை மாற்றினாலும்

புதன்கிழமை. இன்னும் ஒரே நாள்.

இந்த இடத்தில்தான் நான் ஒரு தப்பு செய்தேன். நல்ல எண்ணத்தில் செய்தது. என் வாழ்க்கையின் பெரிய தப்புகள் எல்லாமே அந்த வகைதான்.

மாமாவுக்குத் தைரியம் சொல்ல கத்தோலிக்கச் சாமியார் ஒருவரை அழைக்கலாம் என்று தோன்றியது. சிதம்பரத்துப் பங்குச் சாமி இளைஞர், புதிதாக வந்தவர். போனில் கூப்பிட்டேன். "எண்ணெய் எடுத்துட்டு வாங்க ஃபாதர். நோயிற்பூசுதல் குடுத்துடலாம்" என்றேன்.

நோயிற்பூசுதல் என்பது நோயாளியின் நெற்றியிலும் கையிலும் மந்திரித்த எண்ணெய் பூசி ஜெபிக்கிற சடங்கு. நோய் கடுமையாக இருக்கிற யாரும் பெறலாம், பெற்று எழுந்து வீட்டுக்கும் போகலாம். பங்குச் செய்தி மடலில் இதை எத்தனையோ தடவை நானே மெய்ப்புத் திருத்தியிருக்கிறேன். மாமா சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் இதற்குப் பெயர் அவஸ்தைப் பூசுதல் என்பதும், உயிர் பிரிகிற நேரத்துக்குத்தான் சாமி எண்ணெயோடு வருவார் என்பதும், முன்னால் ஒருவர் மணி அடித்துக்கொண்டு போனால் தெருவே எழுந்து நின்று அழ ஆரம்பிக்கும் என்பதும் எனக்கு மறந்துபோனது. புத்தகம் படிக்கிறவன் மறப்பது எல்லாம் இந்த மாதிரி விஷயங்களைத்தான்.

பிற்பகலில் சாமி வந்தார். சிரித்த முகம். சட்டைப் பையிலிருந்து ஊதா நிறப் பட்டையை எடுத்துக் கழுத்தில் போட்டார். பிறகு சின்ன வெள்ளிச் சிமிழ். பிறகு பஞ்சு.

மாமா பஞ்சைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"எப்பன்னு சொன்னாங்க?"

"என்ன மாமா?"

"இன்னிக்கு தாங்குமா?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது.  சாமி பதறிப்போய், "ஐயோ, அப்படியெல்லாம் இல்லைங்க. இது நீங்க குணமாகறதுக்கு" என்றார்.

மாமா அவரைப் பரிவோடு பார்த்தார்.

"சாமி, எனக்கு முப்பது வருஷ சர்வீஸு. போர்ட மாத்தி வச்சாலும் பஸ்ஸு எங்க போவுதுன்னு தெரியும். நீங்க ஆரம்பிங்க."

அதற்குப் பிறகு அவரிடம் ஓர் அமைதி வந்தது. கையூன்றி எழுந்து உட்கார்ந்தார். தலைமுடியைக் கையால் வாரிக்கொண்டார். சாகப்போகிறவர்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவது அவர் பார்த்து வளர்ந்த வழக்கம். வரிசையாக ஆரம்பித்தார். பக்கத்துக் கட்டில்காரரிடம், ராத்திரி குறட்டை விட்டதற்கு. நர்ஸிடம், ஊசி போடும்போது திட்டியதற்கு. என்னிடம் வந்தார்.

"மச்சான், உன் கல்யாணத்துல சாப்பாடு செரியில்லன்னு பேர் கெளப்புனது நான்தான். நல்லாத்தான் இருந்துது."

பதினெட்டு வருஷமாக என் மாமனார் வீட்டில் அந்தப் பழி ஒரு சமையல்காரர் தலையில் இருந்தது.

பிறகு அக்கா. அவளைப் பார்க்காமல், போர்வையைப் பார்த்துச் சொன்னார்.

"பிலோமினா, நீ தெனமும் காலைல சுகர் மாத்திர குடுத்தேல்ல. நான் முழுங்கல. குமராட்சி போற வழியில வாய்க்கா பாலம் வரும். அதுல வீசிடுவேன். ரெண்டு வருஷமா."



"அதான் பாத்தேன்" என்றாள் அக்கா. "அந்த வாய்க்கா மீனுங்களுக்கெல்லாம் இப்ப சுகர் கன்ட்ரோலா இருக்கும்."

அவள் குரல் சிரிக்கவில்லை. மாமாவுக்குத்தான் உதடு துடித்தது.

சாமி எண்ணெயைத் தொட்டார். நெற்றியில் ஒரு சிலுவை. உள்ளங்கைகளில் ஒவ்வொன்று. ஒலிவ எண்ணெயின் வாசனை, டெட்டால் வாசனையோடு ஒட்டாமல் தனியே நின்றது. சிமிழை மூடப் போனார்.

"காலுக்கும் பூசுங்க, சாமி."

"இப்ப எல்லாம் நெத்தியும் கையும் போதும்யா."

"எங்கப்பாவுக்குக் காலுக்கும் பூசுனாங்க. நான் பக்கத்துல நின்னு மெழுகுவத்தி புடிச்சிருந்தேன். கண்ணு, காது, மூக்கு, வாயி, கையி, காலு. எல்லாத்துக்கும்."

உண்மைதான். பழைய முறையில் ஐம்புலன்களுக்கும் பாதத்துக்கும் பூசுவார்கள். மனிதன் நடந்துபோய்ச் செய்த பாவங்களுக்கு.

மாமா குனிந்து, தன் கையாலேயே போர்வையை விலக்கினார்.

பதின்மூன்று நாளுக்குப் பிறகு அவர் தன் காலைப் பார்த்தார். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் வெந்த கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன. கணுக்காலுக்கு மேலே தோல் பளபளவென்று வீங்கியிருந்தது. வாடை வந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாது என்று பல்லைக் கடித்தேன். சாமி ஒரு விநாடி தயங்கி, வலது பாதத்தில் பூசினார். இடது காலில் எங்கே பூசுவது? கட்டு இல்லாத இடமாகப் பார்த்து, முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் தள்ளி, கட்டை விரலால் சிலுவை போட்டார். டாக்டரம்மா கோடு போட்டுக் காட்டிய அதே இடம். அது அவருக்குத் தெரியாது. அக்காவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அப்போது அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள். அந்தக் காலை இரண்டு கையாலும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பச்சைப் பிள்ளையைத் தூக்குவது போல, அடியில் கை கொடுத்து.

"இவ்ளோதானா?" என்றாள். "இதுக்கா பதிமூணு நாளா என்ன வராந்தாவுல நிக்க வச்சீங்க?"

மாமாவுக்குக் கண் நிறைந்தது. "நீ அருவருப்புப் படுவேன்னு..."

"மூணு புள்ளைக்குப் பீத்துணி அலசுனவ நான். எனக்கு அருவருப்பா?" சேலைத் தலைப்பால் அந்த விரல்களைச் சுற்றி ஒற்றினாள். பிறகு, ஏதோ கடைக்குப் போகச் சொல்வது மாதிரி சொன்னாள்: "போறதுன்னுதான் முடிவு பண்ணிட்டீங்களே. எல்லாத்தையும் ஒண்ணா எதுக்குக் கட்டிக்கிட்டுப் போவணும்? கால மட்டும் மொதல்ல அனுப்புங்க. மீதிய அப்பறம் பாத்துக்கலாம்."

முதலில் சிரித்தவர் பக்கத்துக் கட்டில்காரர். பிறகு நர்ஸ். சாமி சிரிக்கலாமா என்று தெரியாமல் சிமிழைத் துடைத்தார். கடைசியில் மாமாவுக்கே தாங்கவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார், கண்ணீர் வழிய வழிய. சிரித்து முடித்து, சட்டென்று குழந்தை மாதிரி கேட்டார்.

"சாமி, நெசமாவே நான் இன்னிக்குச் சாவலியா?"

"நான் ரெண்டு மணிக்கு வந்தேன். இப்ப மூணு. இன்னும் பேசிக்கிட்டுதான் இருக்கீங்க" என்றார் சாமி.

"மாமா, ஆசா கதையில அந்த வைத்தியருங்களுக்கு..." என்று நான் ஆரம்பித்தேன்.

"நீ சும்மா இரு மச்சான். பேப்பர எடுத்தாரச் சொல்லு."

சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். உள்ளங்கை எண்ணெய் காகிதத்தில் ஊறி, ஓரிடத்தில் வட்டமாக, அடுத்த பக்கத்து எழுத்துகள் தெரிந்தன. மெய்ப்புத் திருத்துகிறவன் கண்ணுக்கு அது கறை. திருத்தத் தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம் எஸ்தர் அம்மா கஞ்சியோடு வந்தபோது, மாமா ஆபரேஷன் அறையில் இருந்தார். ஆசா கதையால் நடந்ததைக் கேட்டு அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, அது அவரு ஆறுதலுக்குச் சொன்னதுப்பா. ராஜாவுக்கே கால்ல நோவு வருது, டிரைவருக்கு வராதான்னு!" பிறகு வராந்தாவிலேயே மண்டியிட்டு, டாக்டரம்மாவின் கைகளுக்காக வெகுநேரம் ஜெபம் செய்தார். அன்று கஞ்சி ஆறிப்போனது. யாரும் குறை சொல்லவில்லை.

எந்தக் கால்?

மாமா ஒரு நிபந்தனை வைத்திருந்தார். எடுத்த காலைக் குப்பையில் போடக் கூடாது. கடலூர் முதுநகர்க் கல்லறைத் தோட்டத்தில், அவருடைய அப்பா பக்கத்தில் அடக்கம் செய்ய வேண்டும். எங்களில் பழைய ஆட்கள் அப்படித்தான். கடைசி நாளில் எழுந்திருக்கும்போது எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் தேட வேண்டாம் பாருங்கள்.

என் அச்சகத்தில் சாமான் வந்த ஒரு மரப்பெட்டி இருந்தது. மூடியில் இந்தப் பக்கம் மேலே என்று ஆங்கிலத்தில் எழுதி அம்புக்குறி போட்டிருக்கும். எழுத்தைச் சுரண்ட நேரமில்லை. ஒரு வாடகைக் காரில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கடலூருக்குக் கொண்டு வந்தேன். முன்னே பின்னே அவ்வளவு கவனமாக நான் எதையும் சுமந்ததில்லை, என் முதல் கைப்பிரதி உட்பட.

குழி வெட்டுகிறவர் பெட்டியின் அளவைப் பார்த்ததும் தலைத் துண்டை அவிழ்த்தார். "கொழந்தையாங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லைங்க. காலு."

"யாரு காலு?"

"சூசை டிரைவரு."

"அடடா, நம்ம சூசையா! எந்தக் காலுங்க?"

"இடது."

அவர் மண்வெட்டியில் சாய்ந்துகொண்டார். "அப்ப கிளட்ச்சு போச்சா" என்றார். அந்தக் காலுக்கு அதைவிட நல்ல இரங்கலுரையை யாரும் சொல்லியிருக்க முடியாது.

மேலே சின்னதாகக் கல் அடுக்கினோம். சிலுவை வைக்கவில்லை. மீதி ஆள் உயிரோடு இருக்கும்போது சிலுவை வைக்கலாமா என்று சாமிக்கே சந்தேகம்.

மீதி

மாமா வண்டி ஓட்டவில்லை. செயற்கைக் காலோடு, சிதம்பரம் பஸ் நிலையத்தில் மினி பஸ்களுக்கு நேரம் குறிக்கிற வேலை கிடைத்தது. ஓட்டியதைவிட இப்போது அதிகமாக அதட்டுகிறார் என்று டிரைவர்கள் சொல்லிக்கொண்டார்கள். காலையில் அக்கா மாத்திரையைக் கையில் கொடுப்பதில்லை, வாயில் போட்டு, நாக்கைக் காட்டச் சொல்லிப் பார்ப்பாள்.

சில வருஷம் கழித்து அந்தப் பெரும் புயல் வந்தது. கடலூரில் மரம் என்று நின்றதெல்லாம் விழுந்தது. நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் பெரிய வேப்பமரம் சாய்ந்து, பாதிச் சிலுவைகள் தரையில் கிடப்பதாகக் கேள்விப்பட்டு, மாமாவும் அக்காவும் சிதம்பரத்திலிருந்து வந்தார்கள். மூவரும் போனோம்.

மாமாவின் அப்பா கல்லறை தப்பித்திருந்தது. பக்கத்தில் காலின் மேல் அடுக்கிய கல்தான் நாலாப்பக்கமும் சிதறிக் கிடந்தது. வேப்பிலைகள் அழுகி ஒட்டியிருந்தன. மண் ஈரமாக இருந்தது.

மாமா செயற்கைக் காலை நேராக நீட்டித் தரையில் உட்கார்ந்தார். ஒரு கல்லை எடுத்து, வேட்டி ஓரத்தில் சேற்றைத் துடைத்து வைத்தார். அதன் மேல் இன்னொன்று. அது வழுக்கியது. திருப்பி வைத்துப் பார்த்தார். நின்றது.

"மச்சான், அந்தக் கல்ல எடு."

என் வாயில் ஒரு பழைய எபிரேயச் சொல் வந்தது. ரெண்டு பஸ் மாறி வந்தவன் என்று ஏற்கெனவே பெயர் வாங்கியவன் நான். விழுங்கிவிட்டுக் கல்லை எடுத்துக் கொடுத்தேன்.

அக்கா மாமனார் கல்லறையில் ஒட்டிய இலைகளைப் பொறுக்கிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"ரொம்ப அகலமா கட்டாதீங்க. மீதி வந்து சேர எடம் வேணும்ல."

மாமா தலை நிமிரவில்லை. அடுத்த கல்லுக்குக் கையை நீட்டினார்.

"மீதி இப்பத்திக்கு வராது, பிலோமினா. வழியெல்லாம் மரம் வுழுந்து கெடக்கு."